மேஜை மேல் அரியலூர்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் போகும் ரயில் வண்டிக்கு விழுப்புரத்தில் இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று கோபுரம் கோபுரமாகக் கும்பிட்டுக்கொண்டு, அவசரம் என்பதே அறியாமல் போகிற வழி. மற்றது விருத்தாசலம், அரியலூர், லால்குடி, ஸ்ரீரங்கம் என்று குறுக்கே ஓடுவது. முன்னதை மெயின் லைன் என்றும் பின்னதைக் கார்டு லைன் என்றும் ரயில்வேக்காரர்கள் சொல்வார்கள். இந்தக் 'கார்டு' பச்சைக் கொடி காட்டுகிற கார்டு அல்ல. இதற்கு நாண் என்று அர்த்தம். கடலோரமாக வளைந்து கிடக்கிற வில் மெயின் லைன்; அதன் இரு முனைகளையும் இழுத்துக் கட்டிய நாண் கார்டு லைன். ரயில்வே இலாகாவில் யாரோ ஒருவருக்குக் கவிதை உள்ளம் இருந்திருக்க வேண்டும்.

வில்லைப் பற்றி எழுதாதவர்கள் கிடையாது. நாணைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. அந்த வழியில் போகிறவர்கள் விருத்தாசலம் தாண்டியதும் கண்ணை மூடுகிறார்கள். கொள்ளிடத்துப் பாலத்தின் சப்தம் கேட்டுத்தான் விழிக்கிறார்கள். இடையில் அரியலூர் என்று ஓர் ஊர் கழிந்து போனது அவர்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களுக்கும் அது இரண்டே விஷயங்களுக்காகத்தான் தெரியும். ஒன்று சிமெண்ட். மற்றொன்றைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த அரியலூரைத்தான் என் நண்பர் ஒருவர் தமது வீட்டு மாடியில், பதினாறு அடி நீளமுள்ள மேஜை ஒன்றின் மீது ரயிலோடும் பாதையோடும் அமைக்கத் தீர்மானித்தார். அவர் திருச்சியில் டீசல் எஞ்சின்களோடு பல வருஷங்கள் பழகி ஓய்வு பெற்றவர். "ஊட்டி மலை ரயிலைச் செய்யலாமே, பார்க்க எவ்வளவு அழகு!" என்று சொன்னவர்களை எல்லாம் அவர் ஒரு புன்சிரிப்போடு அனுப்பிவிட்டார். "அழகான இடத்தை யார்தான் செய்யமாட்டார்கள்? அரியலூரைச் செய்து காட்டட்டும் பார்க்கலாம்" என்பது அவருடைய வாதம். மாசி மாதத்தில் ஒரு நாள் இடம் பார்ப்பதற்காக அவர் அரியலூருக்குப் புறப்பட்டபோது நானும் கூடச் சென்றேன்.

பிரயாணத்தைச் சொல்வதற்கு முன்னால், மேஜை ரயில் என்பது என்ன என்று நேயர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். திருவிழாக் கடையில் சாவி கொடுத்தால் வட்டமாகச் சுற்றுகிற தகர வண்டியை இதோடு சேர்த்து எண்ணக்கூடாது. அந்தத் தகர வண்டிக்கும் கௌரவமான பூர்வோத்தரம் உண்டு. ஜெர்மனியில் மார்க்ளின் என்ற கம்பெனியார் 1891-ம் வருஷத்திலேயே விளையாட்டு ரயில்களுக்கு இன்ன அகலத்தில் தண்டவாளம் என்று அளவு வகுத்து விற்றார்கள். ஆனால் மாதிரி ரயில் என்கிறபோது முதல் சட்டம் விகிதம். இன்று உலகத்தில் மிகுதியாகக் கையாளப்படும் விகிதம் 87-ல் ஒரு பங்கு. எஞ்சினும் அப்படியே, ஸ்டேஷனும் அப்படியே, பிளாட்பாரத்தில் சுண்டல் விற்கிறவனும் அப்படியே. ஐந்தரை அடி மனிதன் இந்தக் கணக்கில் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்பான்.

இந்த வித்தை நம் நாட்டில் இல்லாததும் அல்ல. புனா நகரில் கோத்ரூட் பகுதியில் ஜோஷி என்ற பெரியவர் தமது ஆயுட்கால உழைப்பைக் கொண்டு அமைத்த சிறிய ரயில்களின் காட்சிசாலை 1998 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பொது ஜனங்களுக்குத் திறந்திருக்கிறது. நீராவி வண்டி, டீசல் வண்டி எல்லாம் ஒரு சிறு நகரத்தைச் சுற்றி அங்கே ஓடுகின்றன. ஆனால் அது எந்த ஊரும் அல்லாத ஓர் ஊர். என் நண்பருக்கோ பெயருள்ள ஊர் வேண்டும்; அதிலும் பெயருள்ள காலம் வேண்டும். அவர் தேர்ந்துகொண்ட காலம் மீட்டர் கேஜில் டீசல் எஞ்சின் ஓடிய காலம்.

இதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று மனசு சம்பந்தமானது, மற்றொன்று கணக்கு. கணக்கை முதலில் சொல்கிறேன். நமது அகலப் பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. ஆனால் கடைகளில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளம் மேல்நாட்டு ரயில்களின் அளவுக்கு வார்க்கப்பட்டது. அதன் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். ஆகையால் நம் நாட்டு அகலப் பாதை எஞ்சினை அதன் மேல் நிறுத்தினால், பெரிய சரீரத்தைச் சிறிய பாதரட்சையில் நுழைத்தாற்போல் இருக்கிறது. மீட்டர் கேஜோ 1,000 மில்லிமீட்டர், வகுத்தால் பதினொன்றரை. சந்தையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் தாராளமாகக் கிடைக்கிறது. பிசகு அரை மில்லிமீட்டர். அகலப் பாதைக்காரன் காலமெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க, மீட்டர் கேஜ்காரன் நிம்மதியாகத் தூங்கலாம்.

மனசு சம்பந்தமான காரணம் இது. 1960-களில் சென்னைக் கடற்கரையிலிருந்து விழுப்புரம் வரையில் மீட்டர் கேஜ் பாதைக்கு மின்சாரம் வந்துவிட்டது. அதற்கு அப்பால் கம்பி இல்லை. ஆகவே தெற்கே போகும் வண்டிகள் விழுப்புரத்தில் நிற்கும். மின்சார எஞ்சின் விலகும். டீசல் எஞ்சின் வந்து முட்டும். பிரயாணிகள் இந்த இடைவேளையில் இறங்கிக் காபி குடிப்பார்கள். பிறகு ஒரு கரிய புகை மேகமும், தரையே உறுமுகிறாற்போல் ஒரு சப்தமும் எழும். கார்டு லைன் ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம். அந்த எஞ்சினுக்கு ஒய்.டி.எம்.-4 என்று பெயர். ஒய் என்றால் மீட்டர் கேஜ்; டி என்றால் டீசல்; எம் என்றால் ஜனங்கள், சரக்கு இரண்டையும் இழுப்பது. அமெரிக்காவில் ஆல்கோ கம்பெனியார் வரைந்த எஞ்சின் அது. 1960-களின் ஆரம்பத்தில் கப்பலேறி வந்தது. பின்னர் காசியில் நமது டீசல் தொழிற்சாலையிலேயே பிறந்தது. இதில் ஒரு வேடிக்கை. ஆல்கோ கம்பெனி 1969-ல் எஞ்சின் செய்வதை நிறுத்திக்கொண்டு கதவடைத்துவிட்டது. காசியிலோ அதே வம்சத்து எஞ்சின்கள் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் உருவாகி வந்தன. குரு மறைந்த பின்னும் சிஷ்யன் வித்தையைக் கைவிடவில்லை.

அப்படிப்பட்ட காசித் தொழிற்சாலைக்கே 2020-ல் பெயர் மாற்றமாகி, 'டீசல்' என்ற சொல் பலகையிலிருந்து இறங்கிவிட்டது. கார்டு லைனிலும் 1990-களின் இறுதியில் மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்தது. அதற்குப் பின் மின்கம்பி வந்தது. இரட்டைப் பாதையும் வந்தது. இவையெல்லாம் நன்மைகளே, யாரும் கண்ணீர் விடவேண்டியதில்லை. ஆனால் ஒரு தலைமுறைக் காலம் தமிழ்நாட்டின் பாதி ஜனங்களை மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இழுத்துச் சென்ற எஞ்சின், தான் ஓடிய பாதையிலேயே அடையாளமின்றிப் போயிற்று. சில பர்மாவுக்குப் போயின. சில மலேயாவுக்குப் போயின. பல பழைய இரும்பாயின. இன்று அதைத் தமிழ்நாட்டில் உயிரோடு காண விரும்புகிறவர்கள், நீலகிரி மலை ரயிலில் குன்னூருக்கும் உதகமண்டலத்துக்கும் இடையே போய்ப் பார்க்கலாம். ஊட்டி வேண்டாம் என்ற நண்பருக்கு, அவருடைய எஞ்சின் ஊட்டியில்தான் இருக்கிறது!

மேஜை மேல் ஓடும் டீசல் எஞ்சினைக் குறித்து ஒரு சந்தேகம் எழலாம்: அதற்குள் டீசலா ஊற்றுகிறார்கள்? இல்லை. உள்ளே விரல் நுனி அளவில் ஒரு மின்சார மோட்டார் இருக்கிறது. ஒரு தண்டவாளத்தின் வழியாக 12 வோல்ட் மின்சாரம் சக்கரத்தில் ஏறி, மோட்டாரைச் சுற்றிவிட்டு, மறு தண்டவாளத்தின் வழியாக இறங்குகிறது. மின்சாரத்தின் போக்கை மாற்றினால் வண்டி பின்னால் போகும். அப்படியானால் இது மோசடியல்லவா என்று நான் நண்பரைக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஐயா, பெரிய டீசல் எஞ்சினில் மட்டும் டீசலா சக்கரத்தைச் சுற்றுகிறது? டீசல் சுற்றுவது ஜெனரேட்டரை. அது தருகிற மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களுக்குப் போகிறது. சக்கரத்தைச் சுற்றுவது அங்கேயும் மின்சாரம்தான். நீராவி எஞ்சினின் பொம்மை செய்கிறவன் வேண்டுமானால் வெட்கப்படட்டும். உள்ளே மோட்டாரை ஒளித்து வைத்துவிட்டு, வெளியே இணைப்புக் கம்பிகளைச் சும்மா ஆட்டிக் காட்டுகிறான். என் டீசல் பாதி நிஜம்."

எனக்கு இது மிகவும் நியாயமாகப் பட்டது.

அரியலூர் ஸ்டேஷனில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது நிறம். மெயின் லைனில் பச்சை. இங்கே செம்மண்ணும் வெளிர்மண்ணும் கலந்த ஒரு புழுதி நிறம். பனை மரங்கள் ஆங்காங்கே ஒற்றையாய் நிற்கின்றன. எஞ்சிய இடத்தையெல்லாம் சீமைக் கருவேலம் தனதாக்கிக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்புக் கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகின்றன. சாலையோரத்து இலைகளின் மேல் மெல்லிய வெண்பொடி. மாவட்டத்தின் வாழ்வு இந்தக் கல்லில்தான் இருக்கிறது. கல்லக்குடியில் 1939-லேயே டால்மியா கம்பெனியாரின் சிமெண்ட் ஆலை எழுந்தது. அரியலூரில் 1979-ல் தமிழ்நாடு அரசின் ஆலை. பிறகு இன்னும் பல. இங்கிருந்து சிமெண்ட் ரயிலேறிப் போகிறது. பெரம்பலூர் நகருக்கோ ரயிலே கிடையாது. அந்த ஊர்க்காரர்கள் ரயிலைப் பார்க்க வேண்டுமானால் அரியலூருக்குத்தான் வரவேண்டும்.

இவ்வளவு கல் இங்கே எப்படி வந்தது? இந்த நிலம் ஒரு காலத்தில் கடல். பிளான்போர்டு என்ற வெள்ளைக்கார பூகர்ப்ப சாஸ்திரி 1860-களின் ஆரம்பத்தில் இந்தப் பாறைகளை ஆராய்ந்து எழுதிய நாளிலிருந்து, 'அரியலூர்' என்ற பெயர் உலகத்திலுள்ள பூகர்ப்ப சாஸ்திரிகளுக்கெல்லாம் பரிச்சயம். சிப்பியும் சங்கும் நத்தையும் கல்லாகிக் கிடக்கின்றன. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் ஒரு மரமே கல்லாகி, 18 மீட்டருக்கு மேல் நீண்டு படுத்திருக்கிறது. டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ல் அதைப் பற்றி உலகத்துக்கு அறிவித்தார். நண்பர் உடனே கணக்குப் போட்டார்: 87-ல் ஒரு பங்கு என்றால் இருபத்தொரு சென்டிமீட்டர், அவருடைய டீசல் எஞ்சினோ பதினெட்டு. எஞ்சினைவிட மரம் நீளம்! மேஜையின் ஒரு மூலையில் அதற்கும் இடம் ஒதுக்கப்பட்டது.

காரை என்ற கிராமத்துக்கு அருகே மழைநீர் அறுத்த களிமண் மேடுகளைப் பார்த்தோம். நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு பள்ளத்தாக்குகள், புல் முளைக்காத மேடுகள். யாரோ மலைத்தொடர் ஒன்றை மாதிரி செய்து பார்த்துவிட்டுப் போனாற்போல் இருக்கிறது. அந்தக் களிமண்ணில் கண்ணாடித் தகடு போல் மின்னுகிற ஒரு பொருள் நரம்பு நரம்பாக ஓடுகிறது. அது ஜிப்சம். அதைச் சுட்டால் கிடைக்கும் மாவுதான் பிளாஸ்டர் ஆப் பாரிஸ். மேல்நாட்டில் மேஜை ரயில் அமைக்கிறவர்கள் மலையும் மேடும் செய்ய நெடுங்காலமாகக் கையாண்டு வருகிற சரக்கு இதுவே. கம்பி வலையை மேடு பள்ளமாக வளைத்து, அதன் மேல் பிளாஸ்டரில் தோய்த்த துணியைப் போர்த்தினால் மலை தயார். பாரிஸின் பெயரைத் தாங்கி டப்பாவில் வருகிற பொருள் பெரம்பலூர் மண்ணுக்குள் கிடப்பது எனக்கு ஒரு தனி சந்தோஷத்தை அளித்தது.

செடிகொடிகளுக்கு நண்பர் வெளிநாட்டுச் சரக்கு எதையும் தேடவில்லை. தென்னை நாரைப் பிரித்து நறுக்கிப் பசையில் தோய்த்துச் சாம்பல் பச்சை தெளித்தால் சீமைக் கருவேலம். பனை ஓலைக்குக் காகிதத்தை விசிறியாகக் கத்தரிக்க வேண்டும். அது பொறுமையின் பரீட்சை. தரைக்கு அரியலூர் மண்ணையே ஒரு பையில் எடுத்துக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் துணியில் சலித்து, பிறகு அதன் மேல் ஒரு காந்தத்தை நாலைந்து தடவை ஓட்டுவாராம். மண்ணிலுள்ள இரும்புத் துகள்கள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். அப்படிச் செய்யாவிட்டால் அவை எஞ்சினுக்குள் இருக்கும் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டி, வண்டியைக் கொன்றுவிடும். பெரிய எஞ்சினுக்குப் புழுதி ஒரு பொருட்டல்ல. சின்ன எஞ்சினுக்குத் தண்டவாளத்தின் மேல் படிந்த தூசி மின்சாரத்தை மறித்து நிற்கும் மதில்.

பதினாறு அடி மேஜை என்றவுடன் தாராளமான இடம் என்று தோன்றுகிறதல்லவா? 87-ஆல் பெருக்கிப் பாருங்கள், 424 மீட்டர். கால் மைலுக்குச் சற்று அதிகம். அரியலூர் ஸ்டேஷனின் எல்லைக்கே அது போதாது. அடுத்த ஸ்டேஷன் பத்து கிலோமீட்டரில் இருப்பதாக வைத்துக்கொண்டால், மேஜைக் கணக்கில் 115 மீட்டர் தள்ளி, தெருக்கோடியில் யார் வீட்டிலாவது அதை அமைக்க வேண்டும். நாற்பது மூடு வண்டிகள் கொண்ட சிமெண்ட் ரயில் ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளும். மேஜையே ஐந்து மீட்டர்தான். ஆகையால் மாதிரி செய்கிறவன் எதை விடுவது என்று தெரிந்தவனாக இருக்க வேண்டும். நாற்பது வண்டிக்கு எட்டு போதும். நாலு பாதைக்கு இரண்டு போதும். ஆனால் அந்த இரண்டு பாதைகள் மட்டும் இல்லாமல் தீராது. ஏன் என்றால், ஒற்றைப் பாதை ரயிலின் ஜீவனே அங்கேதான் இருக்கிறது.

மீட்டர் கேஜ் காலத்துக் கார்டு லைன் ஒற்றைப் பாதை. போகிற வண்டியும் வருகிற வண்டியும் அதே தண்டவாளத்தில்தான் ஓட வேண்டும். எதிர் வண்டி வந்து சேரும் வரையில் இந்த வண்டி ஸ்டேஷனின் பக்கப் பாதையில் ஒதுங்கி நிற்கும். இதற்குக் கிராஸிங் என்று பெயர். அந்நாட்களில் பிரயாணம் செய்தவர்கள் இந்தச் சொல்லை மறந்திருக்கமாட்டார்கள். 'ஏன் ஸார் வண்டி நிற்கிறது?' 'கிராஸிங்.' அதற்கு மேல் கேள்வி கிடையாது. இரண்டு வண்டிகளும் ஒரே நேரத்தில் ஒரே பாதைக்குள் நுழையாமல் காத்தது ஓர் உலோகக் கோளம். இரு ஸ்டேஷன்களிலும் இரண்டு பெட்டிகள்; கம்பி வழியாக ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. ஒரு பெட்டியிலிருந்து ஒரு கோளம் வெளியே வந்துவிட்டால், அது உரிய இடத்தில் திரும்பப் போடப்படும் வரையில் எந்தப் பெட்டியிலிருந்தும் வேறு கோளம் வராது. அந்தக் கோளத்தைத் தோல் பையில் போட்டுப் பிரம்பு வளையத்தில் கட்டி டிரைவரிடம் நீட்டுவார்கள். அது கையில் இல்லாமல் டிரைவர் பாதைக்குள் நுழையக்கூடாது; கைகாட்டி மரம் மட்டும் போதாது.

இந்த முறையை நண்பர் மேஜை மேலும் வைத்திருக்கிறார். மேஜையின் இரு கோடிகளிலும் இருவர் நிற்க வேண்டும். ஒருவர் அரியலூர், மற்றவர் அடுத்த ஸ்டேஷன். நடுவே கண்ணாடிக் கோலிக் குண்டு ஒன்று கை மாறுகிறது. கோலி இல்லாமல் விசையைத் தொட்டால் ஆட்டத்திலிருந்து விலக வேண்டும். வேகமும் கணக்குப்படிதான். மணிக்கு 75 கிலோமீட்டர் என்பது மேஜை மேல் விநாடிக்கு 24 சென்டிமீட்டர். மேஜையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக இருபது விநாடிகள். எங்கள் தெருப் பையன்கள் முதலில் வந்தபோது எஞ்சினை அம்பு போல் பறக்கவிட்டார்கள். இரண்டாம் வாரம் கோலிக்காகக் காத்து நிற்பதிலேயே அவர்களுக்கு ருசி வந்துவிட்டது. வண்டி ஓடுவதைப் பார்ப்பது அரை மணியில் அலுத்துவிடும்; வண்டி வருமா என்று காத்திருப்பது அலுப்பதே இல்லை.

இனி, நான் பின்னால் சொல்கிறேன் என்ற விஷயம்.

அரியலூருக்குத் தெற்கே, கல்லகத்துக்குப் போகும் வழியில் மருதையாறு குறுக்கிடுகிறது. பச்சைமலைப் பக்கத்திலிருந்து வந்து கொள்ளிடத்தில் சேர்கிற ஆறு. நாங்கள் போன மாசி மாதத்தில் அதில் மணலும் நாணலும், நடுவில் ஒரு வாய்க்கால் அளவு நீரும் இருந்தன. ஆடுகள் நடந்து கடந்தன. இதுவா ஓர் ஆறு என்று கேட்கத் தோன்றும்.

1956-ம் வருஷம் நவம்பர் மாதம் 23-ந் தேதி விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் வண்டி இந்தப் பாலத்துக்கு வந்தது. பலத்த மழையில் ஆறு கரைபுரண்டு போய்க்கொண்டிருந்தது. வெள்ளம் பாலத்தின் முனையை அரித்திருந்தது. எஞ்சினும் முன்புறத்துப் பெட்டிகள் பலவும் ஆற்றில் விழுந்தன. சுமார் 150 பேர் மாண்டார்கள். அவ்வருஷம் செப்டம்பரில்தான் ஹைதராபாத் ராஜ்யத்து மெஹபூப்நகரில் இதே போல் ஒரு விபத்து நேர்ந்து, ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமாக் கொடுத்து, பிரதம மந்திரி நேரு அதை ஏற்றுக்கொள்ளாதிருந்தார். அரியலூருக்குப் பிறகு சாஸ்திரி மறுபடியும் கொடுத்தார். இம்முறை நேரு ஏற்றார். சாஸ்திரி குற்றவாளி என்பதற்காக அல்ல, பொறுப்பு என்பது இன்னது என்று தேசத்துக்கு ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதற்காக என்று பார்லிமெண்டில் சொன்னார். அன்று முதல், நாட்டில் எங்கே எந்த மந்திரியின் பொறுப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அரியலூரின் பெயர் வருகிறது. அரியலூர் தனி மாவட்டமாக நிலைபெற்ற தேதியும் 2007-ம் வருஷம் நவம்பர் 23. ஐம்பத்தொரு வருஷம் கழித்து, அதே நாள்.

மேஜை மேல் இந்தப் பாலத்தை வைப்பதா, வேண்டாமா? இதில்தான் நண்பருக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது.

"பேரப் பிள்ளைகள் விளையாடுகிற இடம். அங்கே அதை எதற்கு நினைப்பூட்ட வேண்டும்?" என்றார்.

"அரியலூர் என்று பெயர்ப் பலகை எழுதி வைத்துவிட்டு மருதையாற்றை விட்டுவிட்டால் அது அரியலூரா?" என்றேன்.

"டீசல் காலத்தைத்தானே செய்கிறேன்? அது நீராவி எஞ்சின் காலத்தில் நடந்தது" என்றார். பேச்சு சாமர்த்தியம்தான், ஆனால் ஆறு டீசல் காலத்திலும் அங்கேதான் ஓடிற்று.

ஆற்றங்கரையில் நின்றபடி அவர் வெகு நேரம் மௌனமாக இருந்தார். பிறகு வேறு ஒரு விஷயத்தைச் சொன்னார். எஞ்சினின் நீளத்தை 87-ல் ஒன்றாகக் குறைக்கலாம். ஆனால் அப்படிக் குறைத்தால் எடை 87-ல் ஒன்றாகக் குறைவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் ஆறு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. 72 டன் எஞ்சின் கணக்குப்படி 109 கிராம்தான் இருக்க வேண்டும். அவ்வளவு லேசாக இருந்தால் எட்டு வண்டியை அது இழுக்காது. ஆகவே உள்ளே ஈயம் வைத்து எடை கூட்டுகிறார்கள். இப்படி எடையை ஏமாற்றலாம், தூரத்தை ஏமாற்றலாம். தண்ணீரை மட்டும் ஏமாற்ற முடியாது. ஒரு துளி தண்ணீர் மேஜை மேலும் ஒரு துளியாகத்தான் இருக்கும். அது அலையாவதில்லை, நுரைப்பதில்லை, கரையை அரிப்பதில்லை. அதனால்தான் மேஜை ரயில்காரர்கள் ஆற்றுக்குத் தண்ணீர் விடுவதே இல்லை. கண்ணாடி போல் இறுகும் பிசினை ஊற்றிவிடுகிறார்கள். "எங்கள் மேஜைகளில் மழை பெய்வதில்லை, ஐயா. அதனால்தான் எங்கள் வண்டிகள் எல்லாம் நேரத்துக்கு வந்து சேருகின்றன" என்றார்.

பாலத்தை வைப்பது என்று அவர் அப்பொழுதே தீர்மானித்துவிட்டார் என்று நினைக்கிறேன்; ஆனால் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். மேஜையின் வலது கோடியில், ஒரு முழ நீளத்துக்கு மருதையாறு கிடந்தது. மாசி மாதத்து ஆறு. சலித்த மணல், நார் நாணல், நடுவே பிசினால் ஒரு வாய்க்கால். பாலத்தின் தூண்களில் நிஜப் பாலங்களில் உள்ளது போலவே அபாய மட்டத்துக்கு ஒரு கோடு தீட்டியிருந்தார். குண்டூசி முனையால் தீட்டியது, குனிந்து பார்த்தால்தான் தெரியும். பாலத்துக்குச் சற்று முன்னால் தண்டவாளத்தை ஒட்டி ஓர் ஆள் நின்றான். மழைக்காலத்து இரவுகளில் ரயில்வேயில் இப்படி ஆட்கள் பாதை நெடுகிலும் நடப்பார்கள். தலையில் கோணி, கையில் விளக்கு, பையில் தண்டவாளத்தின் மேல் வைத்தால் வெடித்து டிரைவரை எச்சரிக்கிற வேட்டு. ஒருவன் தன் எல்லை வரை நடந்து, எதிரே வருகிறவனைச் சந்தித்துத் திரும்புவான். பாலத்தடியில் நீர் கோட்டைத் தொட்டுவிட்டதா என்று பார்ப்பது அவன் வேலை. தொட்டுவிட்டால் வண்டியை நிறுத்துவதும் அவன் வேலை.

இரண்டு சென்டிமீட்டர் உயரமுள்ள அந்த மனிதனின் கையில் கடுகளவு மின்விளக்கு ஒன்று உண்மையாகவே எரிந்தது. ஆட்டத்தின் விதியிலும் நண்பர் ஒரு திருத்தம் செய்திருந்தார். கோலிக் குண்டு கையில் இருந்தாலும், அந்த விளக்கு வெண்மையாக எரிந்தால்தான் வண்டி பாலத்தின் மேல் ஏறலாம். சிவப்பாக மாறினால் நிற்க வேண்டும். அதன் விசை அரியலூர் ஸ்டேஷன் மாஸ்டரிடமும் இல்லை, அடுத்த ஸ்டேஷன் மாஸ்டரிடமும் இல்லை. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும் மூன்றாவது ஆளிடம் இருக்கிறது. நான் போன அன்று அந்த இடத்தில் அவருடைய கடைசிப் பேத்தி உட்கார்ந்திருந்தாள். எக்ஸ்பிரஸ் வண்டி எட்டுப் பெட்டிகளோடு வந்துகொண்டிருந்தது. அவள் வண்டியைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.